பெட்டியா, கிளவுட்டா: நான் சரியாகச் சொன்ன ஒரு தடவை

மெல்பேர்ணின் டண்டினொங்கில் நான் வேலை செய்து ஓய்வுபெற்ற நிறுவனம், கட்டடத்துக்குள் வைக்கும் தொலைபேசிப் பெட்டிகளை இனி விற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டது. இனி எல்லாம் இணையம் வழியே ஓடும் கிளவுட். அதையொட்டி நடந்த மதியச் சாப்பாட்டுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் சிலர், உண்மையில் எது நல்லது என்று கேட்டார்கள். இடத்தைப் பொறுத்தது என்றேன். அப்போது ஒருவர், முதியோர் இல்லத்தில் நடக்கப்போவதை முன்கூட்டியே சொன்ன மனிதர் இவர்தான் என்று என்னை அவர்களுக்கு அறிமுகம் செய்தார். மேசையைச் சுற்றிக் கைதட்டினார்கள். நான் தட்டைப் பார்த்தபடி மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தேன்.

அந்தக் கதை அலுவலகத்தில் இன்னும் உலவுகிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். எச்சரித்த தொழிலாளி, கேட்காத முதலாளி, விழுந்த கிழவர். அவர்களுக்குத் தெரியாத மிச்சத்தை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தொழில் பழகியது யாழ்ப்பாணத்துத் தொலைபேசி நிலையம் ஒன்றில். பிறகு கொழும்பு, பிறகு மெல்பேர்ண். இங்கே வந்து சில காலம் தொழிற்சாலையில் நின்றேன், மாலையில் படித்தேன், ஒரு சான்றிதழ் கிடைத்ததும் அந்தச் சிறிய நிறுவனம் என்னை எடுத்துக்கொண்டது. கடைகள், பட்டறைகள், மருத்துவ நிலையங்கள் போன்ற இடங்களுக்குத் தொலைபேசி அமைத்துக் கொடுப்பதுதான் வேலை. எனக்கு மேலே இருந்தவர் ஸ்டெல்லா.

ஸ்டெல்லா மெல்பேர்ணில் பிறந்த கிரேக்கப் பெண். முன்பு ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பாளராக இருந்தவர். குரலை உயர்த்தமாட்டார். நீ செய்தது பிழை என்று அவர் யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. நாங்கள் சொல்வதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, "வேறென்ன?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது எங்கள் பிழை எங்களுக்கே தெரிந்துவிடும்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. விலை சொல்வதற்கு முன் வாடிக்கையாளரின் இடத்துக்குப் போய் வரவேற்பறையில் அரை நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். கைபேசியை எடுக்கக் கூடாது. யார் அழைக்கிறார்கள், யார் எடுக்கிறார்கள், எடுத்தவர் அடுத்து யாரைத் தேடிக் கதிரையை விட்டு எழும்புகிறார் என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு, முதலாளியின் அனுமதியோடு, இணையக் கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். கழற்றிவிட்டு அவரோடு சேர்ந்து உட்கார்ந்து, எதெது நிற்கிறது, யார் முதலில் ஓடி வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பல முதலாளிகள் தங்கள் தொழிலை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

கடைசியாக ஒரு விதி. வாடிக்கையாளர் எங்கள் ஆலோசனையைத் தள்ளிவிட்டு மற்றதைத் தெரிந்தெடுத்தால், அவர் தெரிந்தெடுத்ததை எங்களுடையதைப் போலவே பார்த்துப் பார்த்துச் செய்து கொடுக்க வேண்டும். முகத்தில் வெறுப்பைக் காட்டக் கூடாது.

பெட்டிக்கும் கிளவுட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். பெட்டி என்பது உங்கள் கட்டடத்தின் ஓர் அலுமாரிக்குள் இருக்கும். தொலைபேசிகள் எல்லாம் அதோடு தொடுக்கப்பட்டிருக்கும். தெருவில் கேபிள் அறுந்தாலும் உள்ளே ஓர் அறையிலிருந்து மற்ற அறைக்குப் பேசலாம். ஆனால் பெட்டி பழுதானால் அதைத் தெரிந்த ஆள் வர வேண்டும். கிளவுட்டில் உங்களிடம் கருவி மட்டும்தான் இருக்கும். மூளை வேறெங்கோ ஒரு பெரிய கட்டடத்தில். பராமரிப்புத் தொல்லை இல்லை, வீட்டிலிருந்தும் எடுக்கலாம், புதிதாக ஒருவர் வேலைக்கு வந்தால் உடனே ஓர் இணைப்புக் கொடுக்கலாம். ஆனால் பக்கத்து அறைக்கு அழைத்தால்கூட அந்த அழைப்பு இணையம் வழியே வெளியே போய்த்தான் திரும்பி வரும். இணையம் போனால் பக்கத்து அறையும் போய்விடும்.

ரவீந்திரன் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள், என்னைவிட இளையவர். ரவி என்றுதான் கூப்பிடுவேன். டண்டினொங்குக்குப் பக்கத்தில் சிறிய முதியோர் இல்லம் ஒன்றை வாங்கி நடத்தினார். தன் தகப்பனையே அங்கே ஓர் அறையில் வைத்திருந்தார். தாய் ரவியின் வீட்டில் இருந்து தினமும் வந்து போவார். ஒவ்வோர் அறையிலும் ஒரு தொலைபேசி. அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் பராமரிப்பாளரின் அறையில் மணி அடிக்கும். அந்த அமைப்புப் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்.

நான் ஸ்டெல்லாவின் முறைப்படி உட்கார்ந்தேன். வெளியிலிருந்து வந்த அழைப்புகள் மிகக் குறைவு. அறைகளிலிருந்து வந்தவைதான் அதிகம். தண்ணீர் வேண்டும், தலையணை விழுந்துவிட்டது, இன்று என்ன கிழமை. இந்த இடத்துக்குப் பெட்டிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ரவிக்கு அதை விளக்கினேன். அவருக்குக் கிளவுட் பிடித்திருந்தது. அவருடைய காரணங்களும் நியாயமானவைதான். இரண்டாவது இல்லம் திறக்கும் எண்ணம் இருந்தது, வீட்டிலிருந்தே எல்லாவற்றையும் பார்க்க விரும்பினார், என்னை மட்டும் நம்பி ஒரு பெட்டியை வைத்திருக்கப் பயந்தார்.

இது ஒரு வியாபாரப் பேச்சாகவே முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கிழமை ஒரு பிறந்தநாள் விழாவில் ரவி நாலு பேர் முன்னால் சிரித்துக்கொண்டு, "அண்ணை இன்னும் அந்தப் பழைய பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதில் விஷம் இல்லை. எனக்குத்தான் உள்ளே சுருக்கென்றது. ஊரில் பட்டம் படித்தவர்களோடு சமமாக நின்றவன், இங்கே கம்பி இழுக்கிறவன் ஆகிவிட்டேன் என்ற புண் ஒன்று எனக்கு எப்போதும் இருந்தது. அவர் கை அதில் பட்டுவிட்டது.

ரவி கேட்டபடியே கிளவுட் அமைத்துக் கொடுத்தேன். அதோடு கைபேசி வலையமைப்பில் ஓடும் மாற்று மோடம் ஒன்றையும் வைத்திருந்தால், கேபிள் அறுந்தாலும் அமைப்பு நின்றிருக்காது. விலைப்பட்டியலில் அதைக் கடைசி வரியாகப் போட்டிருந்தேன். ரவி வேண்டாம் என்றார். ஏன் வேண்டும் என்று நான் வாய் திறந்து சொல்லவில்லை. படித்தவர்தானே, படித்துப் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

சில மாதங்கள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு பிற்பகல் அந்தத் தெருவில் குழி தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள். இல்லத்திலிருந்து யாரோ கைபேசியில் எங்கள் அலுவலகத்துக்கு அழைத்து, எல்லா அறைத் தொலைபேசிகளும் செத்துவிட்டன என்று சொன்னார்கள். நான் இல்லத்துக்குக் கிட்ட வேறொரு வேலையில் நின்றதால் என்னைப் போகச் சொன்னார்கள்.

போகிற வழியில் நான் சந்தோசமாக இருந்தேன். இதை வேறு எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன், வேறு சொல் இல்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போது, ரவியிடம் எப்படிச் சொல்லலாம் என்று வசனத்தைத் திருத்தித் திருத்திப் பார்த்தேன்.

வாசலில் நின்ற வேலையாள், ஒரு பெரியவர் குளியலறையில் விழுந்துவிட்டார், இப்போதுதான் ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போகிறது என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. நேரே அலுவலக அறைக்குப் போனேன். ரவி கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மேசையருகே நின்றார். ஜன்னலோரம் ஒரு கதிரையில், கைப்பையை மடியில் வைத்தபடி ஒரு வயதான அம்மா இருந்தார். அவரை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"நான் அண்டைக்கே சொன்னனான், ரவி. பெட்டி இருந்திருந்தால் இது நடந்திராது."

தயாரித்து வைத்திருந்த வசனம்தான். தடங்கல் இல்லாமல் வந்தது. அதோடு நிறுத்தாமல், இணையம் இல்லாவிட்டால் பொத்தான் எப்படி வேலை செய்யாமல் போகும் என்று ஒரு வகுப்பும் எடுத்தேன்.  நான் முடித்ததும் ரவி, "ஓம் அண்ணை" என்றார். பிறகு, "நான் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். விழுந்தது அப்பா" என்றார்.

அவர் ஜன்னலோரம் போய்த் தாயின் கையைப் பிடிக்கப் போனார். தாய் கையைக் கொடுக்கவில்லை. தானாகவே எழும்பி, என்னைத் தாண்டி நடந்து போனார்.

மறுநாள் ஸ்டெல்லாவிடம் நடந்ததைச் சொன்னேன். மாற்று மோடத்தைப் பற்றி ரவிக்கு விளக்கினாயா என்று கேட்டார். பட்டியலில் இருந்தது என்றேன். "வேறென்ன?" என்றார். நான் அடுத்த வேலைக்கான கடதாசிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் மறிக்கவில்லை.

ரவி உடனே பெட்டி வைக்கச் சொன்னார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தகப்பனுக்கு இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை நடந்திருந்தது. நான் அலுமாரிக்குள் பெட்டியைப் பொருத்திப் பூட்டிக்கொண்டிருந்தபோது செல்வி தேநீர் கொண்டுவந்தார். செல்வி மதுரைப் பெண், ரவியின் தகப்பன் விழுந்த அன்று பணியில் இருந்த பராமரிப்பாளர். நான் ஏதோ பேச்சுக்கு, தொலைபேசி வேலை செய்யாமல் அன்று நிறையக் கஷ்டப்பட்டிருப்பீர்களே என்றேன்.

"கஷ்டந்தாங்கண்ணா. ஆனா போன் இல்லாததாலதான் அவரை அவ்வளவு சீக்கிரம் பாத்தேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். "தாத்தா விழுந்தது பாத்ரூம்ல. அங்க போன் எது? பெட்டி இருந்தாலும் அவரால கூப்பிட்டிருக்க முடியாது. எந்த போனும் வேலை செய்யலைன்னு நான் ரூம் ரூமா எட்டிப் பாத்துக்கிட்டே சுத்துனேன். அதான் கண்ணுல பட்டாரு. போன் நல்லா இருந்திருந்தா நான் ஆபீஸ்ல உக்காந்து மணிச் சத்தத்துக்குத்தான் காத்திருந்திருப்பேன். சாயங்காலம் டீ கொடுக்கப் போறப்பதான் தெரிஞ்சிருக்கும்."

நான் திருகாணியை முறுக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். ரவி சாரிடம் சொன்னீர்களா என்றேன். அவர் அன்றிலிருந்து யாரோடும் பேசுகிற நிலையில் இல்லை, நீங்கள் அவருக்குத் தெரிந்தவர்தானே, சொல்லிவிடுங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை.

அதற்கு நான் அப்போது வைத்திருந்த நியாயங்கள் நினைவிருக்கின்றன. செல்வி சொல்வது ஓர் ஊகம்தானே. பெட்டி அந்த இல்லத்துக்கு நல்லதுதானே. இப்போது போய் இதைச் சொன்னால் ரவி குழம்பிப்போவார். இவை எல்லாவற்றுக்கும் கீழே கிடந்தது வேறு. விழாக்களில் என்னைக் கண்டவர்கள், "அண்ணை சொன்னதை ரவி கேட்டிருக்கலாம்" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சொல்லை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தகப்பன் பிறகு எழும்பி நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் கொஞ்சக் காலம் இருந்து, ஒரு குளிர்காலத்தில் போய்விட்டார். செத்தவீட்டுக்குப் போனேன். அங்கேயும் ஒருவர் என் பக்கம் சாய்ந்து, நீங்கள் முதலே சொன்னீர்களாமே என்றார். நான் தலையை ஆட்டினேன். சவப்பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு ஆட்டினேன்.

என் ஓய்வு நெருங்கிய காலத்தில் ரவி மறுபடியும் அழைத்தார். சிட்னியில், லிட்கமில் ஓர் அலுவலகம் திறந்திருக்கிறார். இந்த முறை இல்லம் அல்ல, முதியவர்களின் வீடுகளுக்கே போய்ப் பராமரிக்கும் சேவை. தொலைபேசிக்கு என்ன செய்வது என்று நான் வந்து பார்த்துச் சொல்லவேண்டும், என் சொல்லுக்கு மேலே அவர் ஒன்றும் செய்யமாட்டார் என்றார். நான் போனேன்.

அரை நாள் வரவேற்பறையில் உட்கார்ந்தேன். ரயில் நிலையத்துக்குக் கிட்ட, மாடியில் இரண்டு அறைகள். வேலையாட்கள் எல்லோரும் வீதியிலும் வீடுகளிலும். வந்த அழைப்பு ஒவ்வொன்றும் வெளியே நிற்கிற யாரோ ஒருவருக்குப் போக வேண்டியிருந்தது. பக்கத்து அறையைக் கூப்பிட அங்கே ஆளே இல்லை. இணையக் கம்பியைக் கழற்றிப் பார்த்தோம். அலுவலகத்தில் இருந்த பெண் தன் கைபேசியில் செயலியைத் திறந்து வேலையைத் தொடர்ந்தார். இந்த இடத்துக்குக் கிளவுட்தான். அதோடு ஒரு மாற்று மோடம்.

அதை ரவியிடம் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. பெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன் அல்லவா. சொன்னேன். மோடம் எதற்கு என்பதையும் இந்தத் தடவை அவர் விளங்கிக்கொள்ளும்வரை சொன்னேன். அவர் மேசையில் இரண்டு கைகளையும் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, அண்டைக்கு நான் யோசிச்சதும் முழுக்கப் பிழை இல்லை, என்ன அண்ணை?"

அது தொலைபேசியைப் பற்றிய கேள்வி அல்ல. அவர் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. இத்தனை வருடமும் தகப்பனைத் தன் கையாலேயே தள்ளி விழுத்தியதாக நினைத்துக்கொண்டு இந்த மனிதர் வாழ்ந்திருக்கிறார். நினைக்கச் சொன்னவன் நான்.

அப்போதுதான் செல்வி சொன்னதைச் சொன்னேன். குளியலறையில் தொலைபேசி இல்லை. தொலைபேசிகள் செத்துக் கிடந்ததால்தான் செல்வி அறை அறையாகப் போனார். போனதால்தான் கண்டார். பெட்டி இருந்திருந்தாலும் அவர் விழுந்திருப்பார், விழுந்து இன்னும் கனநேரம் கிடந்திருப்பார்.

"செல்வி இதை எப்ப சொன்னவா?" என்று கேட்டார்.

"நான் பெட்டி பூட்டின கிழமை."

அவர் எழும்பி ஜன்னலருகே போய் நின்றார். கோபித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். திரும்பி வந்து கதிரையில் இருந்து, "எனக்குச் சொல்லிப் பிரயோசனம் இல்லை அண்ணை. அம்மாட்டைச் சொல்லுங்கோ" என்றார்.

அன்று ஜன்னலோரம் கைப்பையோடு இருந்த அம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். விசயம் தெரிந்த ஒருவர் வந்து, மகன் ஆலோசனையைக் கேட்காததால்தான் புருசன் விழுந்தார் என்று அவர் காதுபடச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கிழமையே ரவியின் வீட்டைவிட்டு, மெல்பேர்ணின் மறுபக்கத்தில் வெரிபீயில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். சண்டை பிடிக்கவில்லை. விசேசங்களுக்கு வந்தால் ஓம், இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்வார். ரவி அழைத்தால் மகள்தான் எடுத்துப் பேசுவார். இதையெல்லாம் ரவி எனக்கு முறைப்பாடாகச் சொல்லவில்லை. முகவரி கொடுக்கும்போது, போகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னார்.

மெல்பேர்ண் திரும்பிய அடுத்த நாளே வெரிபீக்குப் போனேன். புதுக் குடியிருப்பு, ஒரே மாதிரி வீடுகள். மகள் வேலைக்குப் போயிருந்தார். அம்மாதான் கதவைத் திறந்தார்.

"நீர் ஆர்?" என்றார்.

"ரவியின்ர இல்லத்துக்கு டெலிபோன் பூட்டின ஆள், அம்மா."

அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. கதவை மூடாமல் விலகி நின்றார். இருக்கச் சொன்னார். நான் கதிரையின் நுனியில் இருந்து, ஸ்டெல்லாவிடம் சொல்லாததையும் சேர்த்து முழுவதையும் சொன்னேன். மோடத்தை நான் விளக்காமல் விட்டதையும், வழியில் நான் சந்தோசப்பட்டதையும் சொன்னேன். சொல்லும்போது தரையைத்தான் பார்த்தேன்.

அவர் ஒரு கேள்விதான் கேட்டார். "கனநேரம் கிடக்கேல்லையோ அவர்?"

"இல்லை அம்மா. செல்வி கெதியாய்க் கண்டிட்டா."

 அவருடைய கண் கலங்கியதா என்று தெரியாது, நான் பார்க்கவில்லை. பிறகு எழும்பிப் போய் மேசையில் இருந்த கைபேசியை எடுத்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒரு விரலால் தேடித் தேடி அழுத்தினார். பேரப்பிள்ளைகள்தான் பழக்கியிருக்க வேண்டும். காதில் வைத்துக் காத்திருந்தார். மறுபக்கம் ரவி உடனே எடுத்திருக்க வேண்டும்.

"தம்பி, சாப்பிட்டியே?" என்றார்.

அவர் கைபேசியோடு குசினிக்குள், அடுப்புப் பக்கமாகப் போனார். குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. நான் அங்கே இருப்பதை அவர் மறந்திருக்கலாம், மறக்காமலும் இருக்கலாம். என்னை ஒருவரும் ஏசவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். போயிட்டு வாறன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.